தரைவிரிப்பின் அடியில் வளரும் துரு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்களை இன்றும் பேணி வருபவர்களில் சிலர், பழைய தரைவிரிப்பின் மேலேயே புதியதை ஒட்டிவிடச் சொல்கிறார்கள், கடைக்காரர்களும் மறுப்பதில்லை. செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால், கசிந்து இறங்கும் மழைநீர் விரிப்பின் அடியில் தங்கி, வெளியே தெரியாமலே தரைத்தகட்டை அரித்துவிடுகிறது.

ஒட்டிய விரிப்பை வலிந்து இழுக்காமல், பேட்டரி இணைப்பைக் கழற்றி, கதவுகளைத் திறந்து வைத்து, சூடான காற்றை வீசும் ஹீட் கன் கொண்டு மிதமான சூட்டில் பசையை இளக்கி, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக உரிக்க வேண்டும். தகடு முழுவதும் ஆறிய பிறகு, எஞ்சிய பசையை டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைக்கலாம்; இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். பின்னர் துருவைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடும் அதன்மேல் பெயின்டும் பூசி, நன்கு காய்ந்த பின்பே புதிய விரிப்பை, அதுவும் ஒட்டாமல், இட வேண்டும்.

கதவின் உட்பலகை சற்று நுட்பமான விஷயம். ரெக்சின் போர்த்திய ஹார்டுபோர்டு அடிப்பக்கத்தில் உப்பிப்போவதற்கு, கண்ணாடி இடுக்கின் வழியே இறங்கும் நீர் வெளியேற வேண்டிய துளைகள் கதவின் அடியில் அடைபட்டிருப்பதும், பலகைக்குப் பின்னால் பாலித்தீன் தாள் இல்லாததுமே பெரும்பாலும் காரணம். இவற்றைக் கவனிக்காமல் ரெக்சினை மட்டும் மாற்றுவது வீண் செலவு. பழைய பலகையை அளவாக வைத்துப் புதியதை வெட்டி, விளிம்புகளிலும் பின்புறத்திலும் வார்னிஷ் பூசிய பிறகு ரெக்சின் போர்த்தினால், ஈரம் எளிதில் ஏறாது.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்