பழைய மலைவழிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புதிய உறுப்பினர்களுக்கு வரைபடம் படிக்கும் வகுப்பும் முதலுதவிப் பயிற்சியும் கொடுத்தோம். மழை மாதங்களில் நடைகளை நிறுத்திவைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தன் அறிக்கையில் சொல்வார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி எதற்குப் போனதோ, அதற்கு வருகிறேன்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரை உங்களில் பலருக்கு இப்போது நன்றாகத் தெரியும். சாலை வருவதற்கு முன்பு கோவேறு கழுதைகளோடு கணவாய் தாண்டிச் சரக்கு கொண்டுபோனவர்களில் நமக்குப் பேசக் கிடைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். சிறுவனாக அப்பாவுக்குப் பின்னால் நடந்தவர், வளர்ந்த பிறகு தானே கழுதைகளை ஓட்டிப் போயிருக்கிறார். அந்த வழி இன்றைய வரைபடங்களில் இல்லை. பழைய வரைபடம் ஒன்றில் விட்டுவிட்டுப் போகும் புள்ளிக்கோடாக இருக்கிறது, பாதி மலையில் அதுவும் நின்றுவிடுகிறது. மீதி வழி அவர் நினைவில் இருந்தது.

அவரோடு பேசும்போது ஒரு முறையைக் கடைப்பிடித்தோம். அவருடைய சம்மதத்தோடு குரலைப் பதிவு செய்தோம். வரைபடத்தை முதலிலேயே காட்டவில்லை. காட்டினால் கோடு போகும் பக்கமே நினைவும் போய்விடும். அவரையே ஒரு தாளில் வரையச் சொன்னோம். அந்தப் படத்தில் தொலைவுகள் சரியாக இல்லை, வடக்கு தெற்கும் இல்லை. ஆனால் தண்ணீர் கிடைக்கும் இடங்களும் கழுதைகள் அடம்பிடிக்கும் இடங்களும் வரிசை தவறாமல் இருந்தன. வருடங்களைக் கேட்டால் அவருக்குக் குழம்புகிறது. கால் எங்கே வழுக்கும் என்று கேட்டால் குழம்பவே இல்லை. முதியவர்களிடம் தேதி கேட்டு அவர்களைக் களைப்படையச் செய்ய வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்ன சுமந்தார்கள், எங்கே இறக்கினார்கள், யார் முன்னால் போனார்கள் என்று கேளுங்கள்.

அவரால் இப்போது மலையேற முடியாது. அதனால் நாங்கள் போய் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினோம். ஆரம்பத்தில் ஒரு படத்தைக்கூட அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. அப்புறம் அவரே காரணத்தையும் சொன்னார்: “ஏறும்போது மலையை யார் பார்த்தாங்க தம்பி? முன்னால போற கழுதையோட குளம்பைத்தான் பார்த்தோம். இறங்கும்போதுதான் எல்லாம் கண்ணுல படும். மேல இருந்து கீழ பார்த்து எடுத்துட்டு வாங்க.” அப்படி எடுத்து வந்ததும் ஒவ்வொரு படமாகக் கையில் வாங்கி, பாறைக்கு இடப்பக்கம், ஓடைக்கு வலப்பக்கம் என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் புதரை விலக்கிப் பார்த்தபோது, நெஞ்சுயரத்தில் சுமைதாங்கிக் கல் ஒன்று நின்றது. அடுத்தவர் உதவி இல்லாமலே தலைச்சுமையை அதன் மேல் தள்ளி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். மேல்பலகை நடுவில் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

வழி எந்தப் பக்கம் போனது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஆற்றங்கரையிலிருந்து ஓடை வழியாக நேரே ஏறியிருப்பார்கள் என்றனர் சிலர், சரிவைச் சுற்றிப் போயிருப்பார்கள் என்றனர் மற்றவர்கள். விடியும் முன் ஆற்றங்கரையில் கிளம்பினால் உச்சிவெயிலுக்குக் கணவாய் என்பது பெரியவர் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி ஒன்று இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி நேர்வழிக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. சரிவைச் சுற்றிப் போகும் வழிக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி. சுமையும் ஓய்வும் சேர்ந்தால் உச்சிவெயில் ஆகிவிடும். தரையும் அதையே சொல்கிறது. சுமை விலங்குகளுக்கான வழி செங்குத்தாக ஏறாது, வளைந்து வளைந்து ஏறும். வெள்ளமும் சேறும் இருக்கும் பள்ளத்தாக்கின் அடியைத் தவிர்த்து, பக்கச் சரிவில் உயரமாகவே போகும். சுற்றுவழியில் சுண்ணாம்பு பூசாமல் அடுக்கிய கல்சுவர்கள் இருக்கின்றன, இடுக்குகள் வழியாக மழைநீர் வடிவதால் இத்தனை காலம் சரியாமல் நிற்கின்றன. குளம்பும் மழையும் சேர்ந்து அறுத்த பள்ளத்தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஓடுகின்றன. ஒன்று சேறாகிவிட்டால் அடுத்ததில் நடந்திருக்கிறார்கள்.

கடந்த கூட்டம் ஒன்றில் நார்வேயின் லெண்ட்பிரீன் கணவாயைப் பற்றிப் பேசினோம். அங்கே பனி உருகியபோது குதிரை லாடம், கையுறை, சறுக்குவண்டியின் பாகங்கள் என்று வழிப்போக்கர்கள் விட்டுப்போனவை வெளியே வந்தன. ஏறத்தாழ கி.பி. 300 முதல் 1500 வரை அவ்வழியே ஆட்கள் நடந்திருக்கிறார்கள், கி.பி. 1000 வாக்கில்தான் நடமாட்டம் மிக அதிகம் என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே சாட்சி சொல்ல ஆள் இல்லாததால் பொருள்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. நம் வழிக்கு ஆள் இருக்கிறார், அவரை இப்போதே கேட்டாக வேண்டும். சிக்கிமுக்கும் திபெத்துக்கும் இடையே 1962இல் மூடப்பட்ட நாதுலா கணவாய் 2006இல் மீண்டும் வணிகத்துக்குத் திறந்தபோது 44 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. ஒரு வழி அவ்வளவு காலம் கிடந்தால், அதில் நடந்தவர்களில் எத்தனை பேர் எஞ்சுவார்கள்?

பெரியவர் அடிக்கடி சொன்னது வழிப் பராமரிப்பைத்தான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முதல் ஆளாகப் போகிறவர் மண்வெட்டியோடு போவாராம், வழியில் உருண்டு கிடக்கும் கல்லைத் தாண்டிப் போவது பெரிய அவமானமாம். பெரு நாட்டில் கெஸ்வாசாக்கா புல்கயிற்றுப் பாலத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் அதைப் புதிதாகப் பின்னுகிறார்கள். அந்த வேலை தலைமுறை விட்டு இறங்கி வருவதால்தான் அந்தப் பாலம் இன்னும் இருக்கிறது. நம் வழியில் ஒரு பகுதி சாலை விரிவாக்கத்தின் மண்ணுக்கு அடியில் போய்விட்டது. அதைக் கேட்டு அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. எனக்கும் அது தீராத வருத்தம்தான்.

வரும் ஆண்டுக்கான தீர்மானங்கள் இவை. கண்டெடுக்கும் லாடம், மணி, மண்பாண்டம் எதையும் எடுத்து வரக் கூடாது, இருந்த இடத்திலேயே படமெடுத்து இடத்தைக் குறித்துவிட்டு வர வேண்டும். புதிதாகக் கல் அடுக்கி அடையாளம் வைக்கக் கூடாது, அது பழைய அடையாளங்களோடு கலந்துவிடும். உரிய அனுமதி இல்லாமல் எந்த நடையும் இல்லை. பெரியவரின் பதிவுகளை எழுத்தாக்கி ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும், அவர் வேண்டாம் என்று சொல்லும் பகுதிகளை நீக்கிவிட வேண்டும். கணவாயின் மறுபுறத்தில் இறங்கும் வழியை அறிந்தவர்களைத் தேட இரண்டு பேர் கொண்ட குழு வேண்டும். அந்தப் பக்கம் தன்னோடு நடந்தவர்களின் பெயர்களைப் பெரியவர் சொல்லியிருக்கிறார், அங்கிருந்தே தொடங்கலாம். குழுவில் சேர விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கவும். தீர்மானங்களை விவாதித்து ஒப்புதல் தருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.