மண்டபம் முகாம் பதிவேடுகளில் எங்கள் உறவுகளைத் தேடித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் கட்டித் தரப்படும் புது வீடுகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியை வாசித்தேன். தார் சீட்டுக் கூரைக்குக் கீழே பிள்ளை பெற்று வளர்த்த எங்களுக்கு இது பெரிய காரியம். அரசுக்கு நன்றி. ஆனால் எங்களைப் பற்றி எழுதும்போது கடல் தாண்டுகையில் பிரிந்துபோன கூடப்பிறந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களைத் தேட இன்னும் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கூட்டத்தில் கை நழுவிப் பிரிந்தவர்கள் உண்டு. மன்னார்க் கரையில் பல வீடுகளில் பெற்றோரே யோசித்துத்தான் பிள்ளைகளைப் பிரித்தார்கள். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் பேசாலை, தலைமன்னார்ப் பக்கமிருந்து இரவிரவாக வள்ளங்கள் புறப்பட்டன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் இலங்கை நேவி கண்டால் சுடுவான், பாரம் கூடினால் வள்ளம் கவிழும். எல்லாரும் ஒரே வள்ளத்தில் ஏறக்கூடாது, ஒன்றுக்கு ஏதும் நடந்தாலும் மற்றதில் இருப்பவர்கள் மிஞ்சட்டும் என்றார் அப்பா. அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தங்கச்சி மூவரும் முதல் வள்ளத்தில். அப்பாவும் தம்பியும் அடுத்ததில். தம்பிக்கு அப்போது ஒன்பது வயது.

ஓட்டி எங்களைத் தனுஷ்கோடிக்கு முன்னால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். விடிந்த பிறகு இராமேஸ்வரத்து மீனவர்கள் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். மண்டபம் முகாமில் பதிந்தபோது, "பின்னால அவரும் மகனும் வருகினம், எங்களோட சேர்த்து எழுதுங்கோ" என்று அம்மா சொன்னார். வராதவர்களை எப்படி எழுதுவது என்றார்கள். அதுவும் சரிதான். அப்பாவும் தம்பியும் வரவே இல்லை. நேவி சுற்றியதால் அவர்களின் வள்ளம் பெருநிலப் பக்கம் திரும்பி, கடைசியில் மடு மாதா கோயிலில் போய் அடைக்கலமானார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

1992க்குப் பிறகு இங்கிருந்து ஊர் திரும்பியவர்களின் கையில் கடிதம் கொடுத்துவிட்டோம். தம்பி தன் கையாலேயே பதில் எழுதினான். பள்ளிக்கூடம் போகிறானாம், சைக்கிள் பழகிவிட்டானாம். தங்கச்சி பேசத் தொடங்கிவிட்டாளா, தன்னைப் பற்றி அவளிடம் சொல்கிறீர்களா என்று கேட்டிருந்தான். அப்பா காய்ச்சலில் இறந்ததையும் அவன்தான் எழுதினான். 1999 நவம்பரில் மடுக் கோயிலில் ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த சனம் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரியும் இல்லை. 2009இல் கடைசிச் சண்டை நடந்த வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களைச் செட்டிகுளத்தில் மெனிக் பாம் என்ற முகாமில் அடைத்து வைத்திருந்தபோதும், அங்கே உறவு உள்ளவர்கள் மூலம் விசாரித்தோம். தெரியாது என்றுதான் பதில் வந்தது.

மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டால் ஊர்க் காணியைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொந்தத்திலேயே ஒருவர் சொன்னார். செத்ததைக் கண்டவர் யாரும் இல்லாதபோது நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

தேடுவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. முகாம் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். மாதப் பணக்கொடைக்கும் அரிசிக்கும் அந்தக் கணக்கு போதும். ஆனால் எனக்குக் கல்யாணமானதும் என் பெயர் வேறு அட்டைக்குப் போனது, இனிஷியலும் மாறியது. தங்கச்சிக்கும் அப்படியே. தம்பி எங்களைத் தேடினால் அப்பாவின் பெயரை வைத்துத்தான் தேடுவான். இன்றைய அட்டைகளில் அந்தப் பெயரில் நாங்கள் இல்லை.

மண்டபத்தில் வந்திறங்கியதும் போட்ட முதல் பதிவில் அந்தப் பெயர் இருக்கும். எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன, யாரோடு வந்தீர்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1983 முதல் வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வேர் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. தமிழக அரசு அவற்றைக் கணினியில் ஏற்றி, தேடுபவர் கொடுக்கும் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழிவிட வேண்டும். எல்லார் கண்ணிலும் படும்படி போடச் சொல்லவில்லை. எங்களில் பலருக்கு இன்னும் பயம் போகவில்லை, சிலர் தங்களைக் கண்டுபிடிப்பதை விரும்பவும் மாட்டார்கள். செஞ்சிலுவை ஆளைக் கண்டுபிடித்தாலும் அவரிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் விவரத்தைத் தேடியவருக்குக் கொடுக்கும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

போரில் பிரிந்தவர்களைச் செஞ்சிலுவைச் சங்கம் பணம் வாங்காமல் தேடிக் கொடுப்பது எங்கள் முகாமிலேயே பலருக்குத் தெரியாது. முழுப்பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த ஊர், கடைசியாக எங்கே, எப்போது கண்டீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் அம்மாக்கள்தான். என் அம்மாவுக்கு இப்போது நேற்று நடந்தது மறந்துபோகிறது, தம்பி பிறந்த நாளும் நேரமும் மறக்கவில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள் என்று முகாம்களில் உள்ள இளம்பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நாளிதழை இணையத்தில் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் எங்கள் சனம் வாசிக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு சின்ன இடம், தேடப்படுபவரின் பெயரும் ஊரும் மட்டும் போட முடியுமா? பதில்கள் உங்கள் அலுவலகத்துக்கே வரட்டும். என் தம்பியின் விவரத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். நீங்கள் சம்மதித்தால் முகாமில் மற்றவர்களிடமும் எழுதி வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா,
இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும்)