சேலம் கணக்கில் ஒரு பள்ளம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, இப்போதுதான் உட்கார முடிந்தது. சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம். வீடு முழுக்க வசம்பு வாசனை.

வெள்ளைக்காரன் எடுத்த ஜனத்தொகைக் கணக்கை நம்பி, பழைய பஞ்சச் சாவுகளைப் பற்றி என்ன கண்டுபிடிக்கப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். நம்ம சேலம் ஜில்லாவையே எடுத்துக்கொள், அன்றைக்குத் தர்மபுரியும் அதற்குள்தான். 1871ல் 19,66,995 பேர். 1881ல் 15,99,595. நடுவே 1876-78ல் வந்தது தாது வருஷப் பஞ்சம். கழித்தால் 3,67,400 வருகிறது, ஆனால் அத்தனையும் சாவு என்று எழுதிவிட முடியாது, பிழைக்க வழியில்லாமல் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களும் அதில் உண்டு, பஞ்சத்துக்கு முந்திய வருஷங்களில் பிறந்து கூடியவர்களோ இந்தக் கழித்தலில் தெரியவே மாட்டார்கள். சாவுப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்பாய். அதுவும் கைகொடுக்காது. கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்து வழியில் விழுந்தவனை எந்த ஊர்க்காரர் தன் கணக்கில் எழுதியிருப்பார்?

அதனால் நான் வயதுவாரிப் பட்டியலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். 1881ல் சின்னக் குழந்தைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். பிறந்து செத்தவை போக, பட்டினியில் பிறக்காமலே போனவையும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றன. பத்து வருஷம் கழித்து அது பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் நகர்ந்திருக்கிறது. அந்த 1891லும் சேலத்தில் 19,62,591 பேர்தான், இருபது வருஷமாகியும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. இதைப் பார்த்த அன்று ராத்திரி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சிக்கல், வயதே சரியான வயதில்லை. கேட்டவர்களிடம் முப்பது இருக்கும், நாற்பது இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் முழுப் பத்தில் போய்க் குவிகிறது. என் அப்பாயியிடம் அவர் அப்பாவின் வயதைக் கேட்டால் "தாது வருஷப் பஞ்சம் முடிஞ்ச மறுவருஷம் பொறந்தவரு" என்பார், அது கணக்கெடுத்தவர் எழுதிய எண்ணைவிடத் துல்லியம்.

அப்புறம் ஒரு உதவி. உங்கள் வீட்டுப் பரணில் பெரியவர்களின் ஜாதகக் கட்டு ஒன்று இருந்ததே, செல்லரிக்காமல் இருக்கிறதா பார். வருஷமும் மாதமும் தெரிகிற பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராமு