அண்ணனின் ஸ்கேன்

அன்புள்ள மல்லிகா,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாய், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம்.

சரி, உன் அண்ணன் விஷயம். அவருக்குப் பார்க்கின்சன், அதாவது அசைவைக் குறைத்து நடுக்கம் தரும் மூளை நோய் என்று டாக்டர் சொல்கிறார், எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் நோய் இல்லைதானே என்று ஆசையாகக் கேட்டிருந்தாய். இல்லை மல்லி. சாதாரண எம்ஆர்ஐயில் பார்க்கின்சன் பெரும்பாலும் தெரியாது. கட்டி, மூளையில் நீர் தேங்குவது, பழைய பக்கவாதம் எதுவும் இல்லை என்று உறுதி செய்யத்தான் அதை எடுக்கச் சொல்வார்கள். வலக்கை வீசாமல் நடக்கிறார், சட்டைப் பித்தான் போட நேரமாகிறது, எழுத்து பொடிப்பொடியாகிவிட்டது என்றெல்லாம் நீயே சொன்னாயே, டாக்டர் அவற்றைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்ட அந்த ‘தண்ணீரைப் பார்க்கும் ஸ்கேன்’ நிஜம்தான். டிஃப்யூஷன் என்போம். எங்கள் ஸ்கேன் சென்டருக்குப் பக்கவாதம் என்று யார் வந்தாலும் நான் முதலில் அதைத்தான் எடுக்கிறேன். மூளைத் திசுவில் இருக்கிற தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்று அது அளக்கும். வரப்பு சரியாக இருக்கும் வயலில் தண்ணீர் பாத்தி வழியே ஓடும், வரப்பு உடைந்தால் கண்டபடி பரவும் இல்லையா? நரம்புத் திசுவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பார்க்கின்சனில் அழிவது நடுமூளையின் சப்ஸ்டன்ஷியா நைக்ரா என்ற சின்னக் கருமையான பகுதியில் இருக்கிற, அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள். நடுக்கம் வெளியே தெரிவதற்குள் அவற்றில் பெரும்பங்கு போய்விடுகிறது.

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டேவிட் வைலன்கோர்ட் என்பவரின் குழு, இந்த அழிவை டிஃப்யூஷனில் பார்க்க முடியுமா என்று வருடக்கணக்கில் துரத்துகிறது. 2009இல் சின்னதாக ஓர் ஆய்வு செய்தார்கள், நோயாளிகளும் நோயில்லாதவர்களும் தனித்தனியாகப் பிரிந்து வந்தார்கள். வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது ஆளுக்கொரு விடை வந்தது. அந்தப் பகுதியோ சின்னது, பக்கத்திலேயே மூளைத் தண்டுவட நீர். ஒரே புள்ளியில் இரண்டும் கலந்துவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. அப்புறம்தான் தடையில்லாமல் திரியும் தண்ணீரைக் கணக்கில் தனியே பிரிக்கும் முறை வந்தது. 2015இலும் 2017இலும் பல மையங்களின் ஸ்கேன்களை வைத்துப் பார்த்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு சப்ஸ்டன்ஷியா நைக்ராவின் பின்பகுதியில் அந்தத் தண்ணீர் கூடுதலாக இருந்தது. அதோடு, நான்கு வருடத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டும் வந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நோய் நகர்வதை அளக்க ஒரு கோல் இருந்தால், புது மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கலாமே!

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆவேசம் என்று உனக்குத் தெரியும். என் பெரியப்பாவை நீயும் பார்த்திருக்கிறாய். பார்க்கின்சன் என்று சொல்லி அதற்கான லெவோடோபா மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், டோஸ் ஏறியதே தவிர ஒரு பயனும் இல்லை. அவர் பின்பக்கமாகவே விழுந்தார். தட்டில் இருக்கிற சோற்றைப் பார்க்கக் கண் கீழே இறங்கவில்லை. அது பார்க்கின்சன் மாதிரியே தோன்றும் பிஎஸ்பி என்ற வேறு மூளை நோய் என்று தெரிவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. அதற்கும் குணப்படுத்தும் மருந்து கிடையாதுதான். ஆனாலும் முன்பே தெரிந்திருந்தால் விழாமல் பார்த்திருப்போம், விழுங்கும் பயிற்சி ஆரம்பித்திருப்போம். மாத்திரை கேட்காததற்கு அவர் ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்று யாரும் அவரைத் திட்டியிருக்க மாட்டார்கள். அதை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

பிஎஸ்பி, அதைப் போலவே பார்க்கின்சன் என்று ஏமாற்றும் எம்எஸ்ஏ மாதிரி நோய்களில் இந்தத் தண்ணீர் மாற்றம் சப்ஸ்டன்ஷியா நைக்ராவோடு நிற்காது, சிறுமூளை வரைக்கும் போகும். அந்த வித்தியாசத்தை வைலன்கோர்ட் குழு கணினிக்குக் கற்றுக்கொடுத்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் 21 மையங்களில் 249 நோயாளிகளிடம் சோதித்து 2025இல் வெளியிட்டார்கள். மிக நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. இறந்தவர்களில் சிலரின் மூளையைப் பரிசோதித்தும் சரிபார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இதற்காக நீ அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலையாதே. எங்கள் சென்டரில் எடுக்கும் டிஃப்யூஷனை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. அதற்கென்று அளவுகள் வைத்து எடுக்க வேண்டும், தனி மென்பொருளும் வேண்டும். யாராவது பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றால் என்னிடம் கேட்காமல் கொடுக்காதே.

இப்போதைக்கு மாத்திரை நேரம் தவறக் கூடாது. தினமும் வேகமாக நடக்கச் சொல். மாத்திரைக்கு அவர் உடம்பு எப்படிக் கேட்கிறது என்று குறித்து வை, டாக்டருக்கு அது முக்கியம். பின்பக்கமாக விழுகிறார், கண் கீழே இறங்கவில்லை, எழுந்து நின்றால் மயக்கம் வருகிறது என்று எதைப் பார்த்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் நேரே கூட்டிப் போ. அண்ணி பயந்தால் எனக்கு போன் போடச் சொல், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு சிடியும் கேட்டு வாங்கி அனுப்பு. எங்கள் ரேடியாலஜிஸ்டிடம் காட்டுகிறேன். அண்ணன் நடப்பதை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வீடியோ எடுத்து அனுப்பு, பேசாமல் எடு.

அன்புடன்,
தேன்மொழி