மாலை நேரப் படிப்பு மையங்களை மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் தொடர்ந்து நடத்தக் கோரும் மனு

நாள்: 17.11.2025

அனுப்புநர்:
இல்லம் தேடிக் கல்வி முன்னாள் தன்னார்வலர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்
(ஊராட்சியின் பெற்றோர் 74 பேர் சார்பாக)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கொரோனா கால நிதியில் தொடங்கி, நிதி நின்றதால் மூடப்பட்ட 6 மாலை நேரப் படிப்பு மையங்களை மீண்டும் திறக்க நிதி ஒதுக்குதல், பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகக் கட்டடத்தை வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை மனு நாளில் தங்கள் முன்னால் நிற்க இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால் நேரில் சொல்ல முடியாததையெல்லாம் எழுதிக் கொண்டு வந்திருக்கிறோம்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊராட்சியில் இருந்த ஆறு மையங்களையும் நடத்த ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் வேண்டும். அதை, குவாரிக்காரர்கள் கட்டும் தொகையில் சேர்வதும் தாங்கள் தலைவராக இருப்பதுமான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒரே உத்தரவில் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் ஏறத்தாழ 19 மாதங்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எங்கள் ஊருக்கு 2022 ஜனவரியில் கலைக்குழு பறையோடு வந்தது. எம்.எஸ்சி., பி.எட். முடித்து வீட்டில் இருந்த நானும் அன்றுதான் பெயர் கொடுத்தேன். மாலை 5 மணிக்குமேல் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, இடம் மாரியம்மன் கோயில் மண்டபம்.

முதல் வாரம் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் ஏறியவள், முழுதாக ஒரு மாதம்கூட வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்ததும் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். எனக்கே ஆச்சரியம். பிறகுதான் கவனித்தேன், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே குரல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அண்ணன் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மொத்தமும் மனப்பாடம். நடுவில் 'மரம்' என்ற சொல்லின் மேல் விரல் வைத்தேன். அவள் சொல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த ஏப்ரல் முடிவதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. ஒரு நாள் மாலை ஓடிவந்து, "அக்கா, அபாயம்னா என்ன?" என்றாள். கல்குவாரிப் பாதையில் 'வெடி வைக்கும் இடம், அபாயம்' என்று சிவப்பு மையில் ஒரு பலகை இருக்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

இது எங்கள் ஊர்ப் பெருமை மட்டுமல்ல. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், கொரோனாவுக்கு முன்பு அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இன்னும் மோசம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அப்படி ஈடானதில் ஏறத்தாழ கால்பங்கு, அதாவது 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்கிறது அந்த ஆய்வு. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் கிடைத்த பலன் இது.

மையங்களை யாரும் ஒரே நாளில் மூடவில்லை. முதலில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வரவேண்டாம் என்றார்கள். ஊக்கத்தொகை இரண்டு மாதம், மூன்று மாதம் சேர்ந்து வரத் தொடங்கியது. எங்களில் ஒரு தங்கை கார்மெண்ட்ஸ் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள், அவளைக் குறை சொல்ல முடியாது. பிறகு பிள்ளைகள் குறைவு என்று இரண்டு மையங்கள் போயின. 2024 கோடை விடுமுறைக்குப் பிறகு எங்கள் ஊராட்சியில் எந்த மையத்துக்கும் பணம் வரவில்லை. "நிதி இல்லை, அடுத்த தகவல் வரும்வரை காத்திருக்கவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்ததோடு சரி. காலனியிலும் கோயில் மண்டபத்திலும் வாரம் மூன்று நாள் மட்டும் பணமில்லாமலே நடத்திக்கொண்டிருக்கிறோம். இப்படி இன்னும் எத்தனை மாதம் ஓட்டுவோம் என்று உறுதி சொல்ல எங்களால் முடியாது.

கொரோனாதான் போய்விட்டதே, இனி எதற்கு என்று பலர் எங்களிடமே கேட்கிறார்கள். அன்றைக்கு வந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்பா குவாரியிலோ கிரஷரிலோ வேலை பார்க்கிறார், அம்மா பூப்பறிக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகிறார். பள்ளி நான்கு மணி சுமாருக்கு விடுகிறது, பெரியவர்கள் வீடு திரும்ப ஏழாகிவிடும். அந்த மூன்று மணி நேரம் பிள்ளைகள் ஜல்லி லாரி ஓடும் ரோட்டில்தான் இருக்கிறார்கள். இந்த நிலைமை 2020க்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நோய்க்காலத்தில்தான் அரசின் கண்ணுக்கு அது தெரிந்தது. இன்றைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொரோனா என்றால் என்னவென்றே தெரியாது. அவனும் என் முகத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறான்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. மறு ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதை இன்று யாரும் தற்காலிகம் என்று சொல்வதில்லை. மாலை நேர மையத்துக்கு மட்டும் அந்த இடம் கிடைக்காமல் போனது எங்கள் மனக்குறை.

மாநில நிதியிலிருந்தே தாருங்கள் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கான 2,152 கோடி ரூபாய் வராமல் நின்ற செய்தியை நாங்களும் படித்தோம். ஊராட்சியில் கேட்கலாம் என்றால், 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தலைவரே இல்லை, தனி அலுவலர்தான் இருக்கிறார். குடிநீருக்கும் தெருவிளக்குக்குமே பொதுநிதி போதவில்லை என்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது.

அதனால்தான் கனிம அறக்கட்டளை நிதியைக் கேட்கிறோம். எங்கள் எல்லைக்குள் கல் வெட்டி எடுப்பவர்கள் கட்டும் தொகையிலிருந்து, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காகவே சேரும் பணம் அது. தூசி எங்கள் வீட்டுக்குள் வருகிறது, வெடிச் சத்தத்தில் ஓடு விரிசல் விடுகிறது. அந்த நிதி எங்களுக்குப் புதிதும் அல்ல. 2015இல் வந்த வழிகாட்டுதலிலேயே, குறைந்தது 60 சதவீதத்தை உயர் முன்னுரிமைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று இருந்தது. குடிநீர், சுகாதாரத்தோடு கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. அதிலிருந்து எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வந்தது, நன்றி. சுவருக்கு உள்ளே நடக்கும் படிப்பும் கல்விதான் என்பதால் இதையும் கேட்கிறோம்.

கணக்கு இது. தன்னார்வலர் ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய், பத்து மாதம், ஆறு பேர்: 90,000. கதைப் புத்தகம், நோட்டு, சிலேட்டு, மின் கட்டணத்துக்கு மையத்துக்கு 3,000 வீதம் 18,000. மொத்தம் 1,08,000 ரூபாய். பள்ளிப் பதிவேட்டின்படி ஆறு குக்கிராமங்களிலும் சேர்த்து 112 பிள்ளைகள், ஆக ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவு. ஊக்கத்தொகையை 500 ரூபாய் கூட்டிக் கேட்பதற்காக நாங்கள் கூச்சப்படவில்லை. நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டு நாள் கூலி 336 ரூபாய், எங்கள் ஒரு மாத ஊக்கத்தொகை அதில் நாலரை நாளுக்குச் சமம். தொகை பெரிதில்லை என்றாலும் மாதாமாதம் பத்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். ஆட்கள் போனது தொகை குறைவு என்பதால் அல்ல, எப்போது வரும் என்று தெரியாததால்தான்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. சில மையங்கள் பெயருக்கு நடந்தன. செல்போன் செயலியில் வருகை பதிந்துவிட்டு ஆளில்லாத நாட்களும் உண்டு. பிள்ளைகள் உண்மையில் வாசிக்கிறார்களா என்று யாரும் வந்து பார்க்கவில்லை. இந்த முறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் உட்கார்ந்து, மையத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லட்டும். மனப்பாடம் செல்லாது. முடிவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இரண்டு முறை தொடர்ந்து முன்னேற்றம் இல்லாத மையத்தை மூடிவிடலாம், அது என் மையமாக இருந்தாலும் சரி.

இன்னொரு கோரிக்கைக்குப் பணமே வேண்டாம். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊராட்சி நூலகம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பூட்டிக் கிடக்கிறது. ஆடித் திருவிழாவுக்கு மண்டபத்தைக் காலி செய்தபோது அங்கே நடத்தலாமென்று சாவி கேட்டு அலைந்தேன். ஒருவர் இன்னொருவரைச் சொன்னார், அவர் ஓய்வு பெற்றுவிட்ட ஒருவரைச் சொன்னார். ஜன்னல் வழியே பார்த்தால் புத்தகக் கட்டுகள் இன்னும் சணல் அவிழாமல் இருக்கின்றன. அந்தக் கட்டடத்தை மாலை 5 முதல் 7 மணி வரை மையத்துக்குத் திறந்துவிட, தேவையானால் பூட்டை மாற்றித் தர, தனி அலுவலருக்கு ஓர் உத்தரவு போதும்.

2025 ஆகஸ்ட் 15 கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாக நிறைவேற்றியிருக்கிறோம். நகல் இணைத்துள்ளோம். கனிம அறக்கட்டளையின் அடுத்த ஆட்சிமன்றக் குழுக் கூட்டத்தில் இத்தீர்மானத்தைப் பொருளாக வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஊக்கத்தொகை போன்ற தொடர் செலவுக்கு அந்நிதியின் விதிகளில் இடமில்லை என்று முடிவானால், புத்தகம், நூலகம், மின் வசதிக்கு மட்டுமாவது அதில் ஒதுக்கி, ஊக்கத்தொகைக்குத் தங்கள் விருப்ப நிதியையோ வேறு நிதித் தலைப்பையோ பரிசீலிக்க வேண்டுகிறோம். எதற்கும் வழியில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள், அதற்கேற்ப அடுத்த மேசைக்குப் போவோம். 'மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற குறுஞ்செய்தியோடு இது முடிந்துவிடாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் மையங்களையும் திறக்க ஆறு பேர் தயாராக இருக்கிறோம். நான்கு பேர் பழையவர்கள், இரண்டு பேர் புதியவர்கள். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போன தங்கையும் நால்வரில் ஒருத்தி. வேலையை விடவில்லை. சனி, ஞாயிறு மட்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், பெற்றோர் 74 பேரின் கையொப்பம், மையவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கை, நூலகக் கட்டடத்தின் புகைப்படங்கள் 3.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பெற்றோர்கள், தன்னார்வலர்கள் சார்பாக