பொட்டு வெடியும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும்

டொலிடோ, ஒஹாயோ
தை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் பொங்கல் கழிந்து பத்து நாளில் வந்து சேர்ந்தது. "வாட்ஸ்அப்பில் வாயே திறக்காதவன், கடிதத்துக்காவது பதில் போடுகிறானா பார்ப்போம்" என்று எழுதியிருந்தீர்கள். நாலு மாதமாக எழுதாதது தப்புதான். வேலை நெருக்கடி என்று சொல்லலாம் என்றால் இப்போது அதுவும் இல்லை. பழைய ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. அடுத்தது வரும்வரை கொஞ்சம் ஓய்வு. கவலைப்பட ஒன்றுமில்லை.

அம்மா குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாள். போன வாரம் மைனஸ் 15. மூக்குக்குள் இருக்கிற முடிகூட விறைத்துப்போகிறது. தேங்காய் எண்ணெயைக் கத்தியால் வெட்டி எடுக்கிறேன். வண்டியை விற்றுவிட்டேன், பனியில் ஓட்டுவது பெரிய வம்பு. எங்காவது போக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுத் தாத்தா கூட்டிப்போகிறார்.

அந்தத் தாத்தாவைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி, ஜன்னல் வழியே பார்த்தால், அவர் முன்னறையில் நின்றுகொண்டிருக்கிறார். இடக்கை கால்சட்டைப் பைக்குள். வலக்கையில் கைத்துப்பாக்கி, சுவரைப் பார்த்து நீட்டியபடி. எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டேன். (அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடுங்கள்.) விடிந்ததும் ஆப்பிள் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவரே வந்து கதவைத் தட்டினார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுவரில் கறுப்புப் பொட்டு ஒட்டிய காகிதம். துப்பாக்கி காலி. சும்மா விசையை மட்டும் இழுத்துப் பழகுகிறார். 34 வருஷம் கண்ணாடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டி போய் மூன்று வருஷம் ஆகிறது. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஓர் இடம் இருக்கிறது. (ஏரி என்றதும் நம் கண்மாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். அக்கரையே தெரியாது, கடல்தான்.) 1907லிருந்து அங்கே கோடையில் துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிறது. ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். மூன்று சுற்று, சுற்றுக்கு 90 குண்டு, குண்டுக்குப் பத்து மதிப்பெண், ஆக 2700. தாத்தா அதில் பைத்தியம்.

பைத்தியத்துக்கு இப்போது காசு கட்டுபடியாகவில்லை. முன்பு செவ்வாய்க்கிழமைதோறும் 180 குண்டு சுட்டுப் பழகுவாராம். இப்போது அறுபதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை வீட்டுச் சுவரைப் பார்த்து "டிக் டிக்" என்று காலித் துப்பாக்கியில் தீர்க்கிறார். அவர் சுடுவது 45 என்கிற பெரிய ரகம். கடையில் 50 கொண்ட பெட்டி 25 டாலர். அன்று டாலருக்கு 86 ரூபாய், நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்: ஒரு டுமீலுக்கு 43 ரூபாய்! நான் எதையும் ரூபாயாக்கிப் பார்ப்பதுபோல் அவர் எதையும் குண்டாக்கிப் பார்க்கிறார். கடையில் ஐந்து டாலருக்குக் காபி வாங்கப் போனால் "பத்துக் குண்டு" என்று முணுமுணுப்பார். இரண்டு பேரும் வாங்காமலே திரும்பிவிடுவோம்.

ஏன் இப்படி ஏறியது என்று கேட்டால் நம் டெய்லர் மாமா அரசியல் பேசுவதுபோல் விடாமல் பேசுவார். 2020இல் கொரோனா வந்ததும், பயந்துபோய், துப்பாக்கி பிடித்தே பழகாதவர்கள் எல்லாம் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கிக் குவித்தார்களாம். அந்த வருஷமே ரெமிங்டன் என்கிற பழைய துப்பாக்கி, தோட்டாக் கம்பெனி திவால். அடுத்த வருஷம் கடையில் ஆளுக்கு ஒரு பெட்டிதான். பத்து டாலருக்குள் கிடைத்த 9 மில்லிமீட்டர் தோட்டாப் பெட்டி நாற்பதுக்கு ஏறியது. அது பிற்பாடு இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. 2021 செப்டம்பரில் ரஷ்யச் சரக்குக்கும் அரசாங்கம் கதவைச் சாத்தியது. மலிவான இரும்புக் கூட்டுத் தோட்டா அது. இவர் தொட்டதே இல்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இவர் வாங்கும் பித்தளைக் கூட்டுத் தோட்டாப் பக்கம் வந்து நின்றார்களே. அப்புறம் உக்ரைன் சண்டை, மருந்து பீரங்கிக்குப் போகிறது. 2024 டிசம்பரில் சீனா ஆண்டிமனி என்கிற உலோகத்தை இந்த நாட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டது. குண்டில் இருக்கிற ஈயம் கெட்டிப்பட அதுதான் வேண்டும். இத்தனைக்கும் மேலே 11 சதவீத வரி, 1937லிருந்து, காட்டு விலங்குகளைக் காப்பாற்றவாம். "நான் சுடுவது காகிதத்தை. அதற்கும் மான் பேரில் வரியா" என்பார். ஆனாலும் அந்த வரியை மட்டும் அவர் திட்டிக் கேட்டதில்லை.

காசை மிச்சம் பிடிக்க, சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து வண்டிக்கூடத்தில் வைத்துத் தானே மறுபடி நிரப்புகிறார். அப்பா, இந்த இடம்தான் உங்களுக்கு. கூட்டின் அடியில் மூக்குத்தி அளவுக்கு ஒரு கிண்ணம் இருக்கிறது, ப்ரைமர் என்கிறார்கள். ஊசி வந்து அதில் தட்டினால்தான் உள்ளே இருக்கிற மருந்து பற்றும். நம் பொட்டு வெடியேதான்! கூட்டைத் திரும்ப எடுக்கலாம், ஈயத்தை உருக்கி வார்க்கலாம், இந்தப் பொட்டை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. ஆயிரம் பொட்டு கொரோனாவுக்கு முன் 35 டாலருக்குள் கிடைத்ததாம், பிறகு எண்பதைத் தொட்டதாம். அதற்குள் என்ன மருந்து என்று கேட்டேன். ஈயக் கலவை ஒன்று, ஆண்டிமனி சல்பைடு, பேரியம் நைட்ரேட். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2018இல் பட்டாசில் பேரியம் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன அன்று நீங்கள் சாப்பிடாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தீர்களே, அதே பேரியம். "என் அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன்" என்றேன். தாத்தா எழுந்து நின்று கை குலுக்கினார். அன்றிலிருந்து உங்களை விசாரிக்காத நாள் இல்லை.

பயப்பட வேண்டாம், நான் எதையும் தொடுவதில்லை. என் விசாவுக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் இருக்கக் கூடாது. காலிக் கூட்டையும் சட்டம் தோட்டாக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. அதனால் அவர் சுடுமிடத்தில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார், மறுபடி குனிகிறார். பெரியவரைக் குனியவிட்டு உட்கார்ந்திருப்பது உடம்பெல்லாம் கூசுகிறது.

முதல் தடவை போனபோது அந்தப் புகையை மூச்சு நிறைய இழுத்துப் பார்த்தேன். நம் ஊர் வாசனை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவர்கள் மருந்தில் கந்தகம் கிடையாது. ஏதோ பிளாஸ்டிக் கருகினமாதிரி ஒரு நெடி, அவ்வளவுதான்.

ஆனால் போன வாரம் கரண்ட் போன ராத்திரி, வீட்டில் இருக்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போனேன். விறகு அடுப்பு மூட்ட ஒரு தீக்குச்சியை உரசினார். நீங்கள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவீர்களே, அந்த வாசனை. நானும் தங்கச்சியும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சண்டை போடுவோம். "இன்னொரு குச்சி உரசுங்கள்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியையே என் கையில் கொடுத்துவிட்டு சூப் சுட வைக்கப் போய்விட்டார். ஏழெட்டு குச்சி இருக்கும்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மேற்குக் காட்டை இப்போது விற்க வேண்டாம். சித்தப்பா கேட்கிற விலை நியாயம் இல்லை என்று அண்ணாச்சியே சொல்லியிருக்கிறாரே. பாகப் பத்திரம் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சித்தப்பாவிடம் சத்தமும் போட வேண்டாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஆள் நீங்கள். தங்கச்சி நகையை வங்கியில் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள். சித்திரைக்குள் மீட்டுவிடலாம். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவாகத் தெரியும். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை வீட்டார் வைகாசி என்றால் ஆவணிக்குத் தள்ள முடியுமா என்று அத்தையை விட்டுப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் நேரே கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கூரியருக்குக் கொடுக்கிற காசுக்கு அது கட்டுபடியாகாது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுங்கள். நார்த்தங்காய் மட்டுமாவது.

உங்கள் அன்பு மகன்