முகவாயில் தையல் போட்டு அனுப்புகிறவர்களுக்கு

அவசர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

வாய் திறக்க முடியாமல் எங்களிடம் வந்த இன்னொரு குழந்தையின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதே வரிதான்: "முகவாய்க்கட்டையில் வெட்டுக்காயம், தையல் போடப்பட்டது." தையல் நேர்த்தி, குறையே சொல்ல முடியாது. தாடை மூட்டைத் தொட்டுப் பார்த்ததாக மட்டும் எங்கும் எழுதவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான். குப்புற விழும் குழந்தை கையை ஊன்றுவதற்குள் முகவாய் தரையில் மோதிவிடும். அடி அங்கே, முறிவது காதுக்கு முன்னால், தாடையின் மூட்டுமுனையில், சில சமயம் இரண்டு பக்கமும். 5 வயதுக்குள் அந்த முனை ரத்த ஓட்டம் மிகுந்த மென்மையான எலும்பு. நசுங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கட்டும். வலிக்குப் பயந்து வாயை அசைக்காமலே இருந்தால் அங்கே எலும்பு வளர்ந்து, தாடை மண்டையோட்டோடு ஒட்டிப்போகலாம்.

பிறகு பல்லிடுக்கில் ஸ்பூன் நுழையாது. மசித்த உணவைக் கன்னத்துக்குள் விரலால் தள்ள வேண்டும். பல் சொத்தையானாலும் உள்ளே கை வைக்க வழியில்லை. தாடை வளராமல் உள்வாங்கி, தூக்கத்தில் மூச்சு முட்டும். ஒட்டியதைப் பிரிக்கலாமென்றால், மயக்கம் கொடுக்கக் குழாய் இறக்குவதே பெரும்பாடு.

எனவே முகவாய்க் காயத்தோடு வரும் எந்தக் குழந்தைக்கும், தையலுக்கு முன் தாடையைப் பாருங்கள். இரு காதுத் துளையிலும் சுண்டுவிரல் நுனியை வைத்து வாயைத் திறக்கச் சொன்னால் மூட்டு நகர்வது தட்டுப்படும். ஒரு பக்கம் நகரவில்லை, தாடை கோணுகிறது, கடைவாய்ப் பற்கள் சேரவில்லை, குழந்தையின் மூன்று விரல்கள் அதன் வாய்க்குள் போகவில்லை என்றால் தாடைக்கு எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுத்தாக வேண்டும்.

"தலைக்கு சிடி எடுத்தோமே" என்பீர்கள். கீழ்த்தாடை முழுதாக விழாத படத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்! குழந்தைகள் பிரிவின் சுவரில் யானையும் முயலும் வரைய ஆள் கிடைக்கிறது. இரண்டு நிமிடம் தாடையைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை போலும்.

பொறுத்தருளுங்கள், கேட்க வந்தது ஒன்றுதான். அன்றே கண்டுபிடித்தால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம்: மென்மையான உணவு, வலி மருந்து, சில நாளிலேயே வாய் திறப்புப் பயிற்சி, வளர்ச்சி முடியும்வரை மறுபரிசோதனை. ஆகவே காயப் பதிவுப் படிவத்தில் "வாய் திறப்பு: ___ மி.மீ." என்றொரு வரி சேருங்கள். அது நிரம்பாமல் டிஸ்சார்ஜ் சீட்டு அச்சாகக் கூடாது. பரிசோதிக்கும் முறையைக் காட்டித்தர எந்த ஷிஃப்டுக்கு அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
முகத்தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவினர்